என் டோக்கனில் உன் நெஞ்சு

டேய் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எவனோ கோழியை மையில் முக்கி ஓடவிட்டிருக்கிறான் என்று தள்ளி வைத்துவிடாதே. ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிற கையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு படி. எழுதுவது உன் நைனா. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருபது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியதில் நான் எழுதியதெல்லாம் கிலோமீட்டர், டீசல், வண்டி வந்த நேரம், அவ்வளவுதான். இப்போதும் பழைய ட்ரிப் ஷீட் கட்டின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறேன். நுரையீரலைக் குற்றம் சொல்லாதே, எனக்கு எழுத்துக்கூட்டுவதே அப்படி. உங்கம்மா கேன்டீன் ஷிப்டுக்குப் போயிருக்கிறாள், நீ லைனில் நிற்கிறாய், வீட்டில் நானும் ஃபேனும்தான். நாளைக்கு ஸ்கேன். காலையிலிருந்து காய்ந்த துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். இனி மடிக்க என் லுங்கியைத் தவிர எதுவும் பாக்கியில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று படப்பை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன் சூப்பர்வைசரைப் பார்த்தேன். என் வண்டியில் கடைசி சீட்டில் ஆறு வருஷம் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிய மனுஷன், இப்போது டை எல்லாம் கட்டியிருக்கிறார். "இன்னா டிரைவரண்ணே, உடம்பு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டு, டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "உம் புள்ள கொரியா ட்ரெய்னிங் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான். ஒம்போது மாசம், ரெண்டே பேரைத்தான் எடுத்தாங்க. உனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமைக்குள்ள மனசு மாறினா வந்து சொல்லச் சொல்லு. அதுக்கு மேல என் கையில இல்ல." நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். நீ வந்ததும் கேட்டதற்கு, "குளிரு ஒத்துக்காது நைனா" என்றாய். மார்கழி மாசம் ஃபேனை அஞ்சில் வைத்துத் தூங்குகிற ஆளுக்குக் குளிர் ஒத்துக்காதாம். பொய் சொல்லக்கூட நான் உனக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நீ ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் சாகப் போகிறேன் என்ற பயம் பாதி. மீதிப் பாதி அந்த வேன். அதைப் பற்றி நாம் ரெண்டு பேரும் இதுவரை வாய் திறந்து பேசவில்லை. பேச ஆரம்பித்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிவிடுவேன், நீ பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். அதனால்தான் பேப்பரில்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஏழாவது படிக்கும்போது ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டு மாட்டிக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் கூப்பிட்டனுப்பினார், நான் காக்கிச் சட்டையோடு போய் நின்றேன். கார்டைக் காட்டினார். என்னுடையதைவிட அழகாக இருந்தது. "நான் போட்டதுதான் டீச்சர், அன்னிக்கு நல்ல பேனா கெடைச்சுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து உன் மண்டையில் ஒரு தட்டு தட்டி, "இனிமே எல்லாக் கையெழுத்தையும் நீயே போட்டுடு, எனக்கு ரெஸ்ட்டு" என்றேன். நீ விளையாட்டு என்று சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லையடா. ஒரு ஃபாரத்தைப் பார்த்தால் எனக்குப் பயம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, கவுன்ட்டரில் இருக்கிறவர் முறைத்தால் என்ன செய்வது. அதிலிருந்து பேங்க் ஃபாரம், கேஸ் புக்கு, லைசென்ஸ் புதுப்பிக்கிறது எல்லாம் நீதான். கான்ட்ராக்டர் போன் அடித்தால் என் குரலில் "இதோ வந்துகினே கீறேன்ண்ணே, ஒரகடம் தாண்டிட்டேன்" என்று நீ சொல்வாய், நான் பக்கத்தில் சோறு தின்றுகொண்டு இருப்பேன். எவ்வளவு சிரித்திருக்கிறோம். எனக்குப் பதிலாக நீ நிற்பது இந்த வீட்டில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பழக்கமாக்கியவன் நான்.

போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம், பென்னலூர் பஸ் யார்டில் அந்த மெடிக்கல் வேன் வந்து நின்றது. டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு, பிரஷர், நெஞ்சு எக்ஸ்ரே. எனக்கு ரெண்டு மாசமாக இருமல். அதற்கு முந்தின வருஷம் நெஞ்சில் ஏதோ தெரிகிறது என்று ஒரு டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மாத்திரை சாப்பிட்டு நல்லாகித் திரும்பி வந்தபோது அவர் ரூட்டில் வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தான். என் குன்றத்தூர் ரூட்டை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது என்று நினைத்தேன். வேனில் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்பது எங்கள் யார்டுக்கே தெரியும். உனக்கு அன்றைக்கு ஆஃப். சாப்பாட்டு கேரியர் கொண்டு வந்தாய். என்னைப் போலவே ஒல்லியாக, என் உயரத்துக்கு, என் ஜாடையில் வந்து நின்றாய். உன் கையில் டோக்கனை வைத்தேன்.

"நைனா, இது தப்பு இல்ல?"

"இன்னாடா தப்பு? உன் நெஞ்சு கழுவி வெச்ச தட்டு மாரி கீது. என்னுது டீசல் பொகை, பழைய பீடி. படம் எடுத்தா கரும்பலகைதான் தெரியும். ரெண்டு நிமிஷம். மூச்சை இழு, நிறுத்து, வுடு, எறங்கி வா."

"யாராவது கேட்டா?"

"கேட்டா எளமையா கீறேன்னு சொல்லு. உங்கம்மா கைப்பக்குவம்னு சொல்லு."

உள்ளிருந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் டயரைப் பார்த்தேன். நீ எழுந்து, "இங்க சார்" என்றாய். என் பேருக்கு நீ எழுந்தது அதுதான் முதல் தடவை. பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. உன் நெஞ்சு, என் பேர், நார்மல். அதை நான் டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினேன் தெரியுமா? "பாத்துக்கோங்க, இருபத்திநாலு வயசு நெஞ்சு எனக்கு" என்று. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் வந்து வந்து போகிறது. இருமலுக்கு சிரப் குடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி இருமிக்கொண்டு, பத்து மாசம் ஓட்டினேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் ஷிப்ட் பிக்கப்பில், கைக்குட்டையில் ரத்தம். அப்புறம் நுரையீரலில் கட்டி, கேன்சராக இருக்கலாம் என்றார்கள், மீதியெல்லாம் உனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊசி போட்டுச் சதை எடுக்கப் போன அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் நாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து என் பேரைக் கூப்பிட்டாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் நீ எழுந்து நிற்கிறாய். "யாருங்க பேஷன்ட்?" என்றாள் அவள். உன் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் வழக்கம் போல, "அவன் என் டூப்ளிகேட்டும்மா, ஒரிஜினல் நான்தான்" என்றேன். அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நீ அடுக்களையில் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுததை நான் வாசலில் நின்று கேட்டேன். அவள் என்னிடம் வந்து கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "உன் நெஞ்சை நீ காட்ட மாட்டியா? புள்ளய வுட்டுக் காட்டுவியா?" என்று மெதுவாகக் கேட்டாள். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

சதையைச் சோதித்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னதை நீ பாதிதான் கேட்டாய், உன் கண் சுவரில் இருந்தது. நான் முழுசாகக் கேட்டேன், புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவரைப் படுத்தியெடுத்தேன். அதனால் என் பாஷையில் எழுதுகிறேன். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அங்கேதான் நம் உடம்பின் காவல்காரர்கள் கூடி, யாரை அடிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார்களாம். அது அவர்கள் டிப்போ. எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்றால், கட்டிக்கு உள்ளேயே சின்னச் சின்னதாகப் புது டிப்போ போட்டிருக்கிறார்களாம். சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்காமல், ஒழுங்காக வட்டம் கட்டி, ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு பக்கம் கற்றுக்கொள்கிறவன் என்று. "இது நல்ல அறிகுறிங்க. இந்த மாதிரி முகாம் இருக்கிறவங்களுக்கு இம்யூனோதெரபி மருந்து கேக்குறதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றார். எனக்குக் குஷி வந்துவிட்டது. "ஏம்மா, திருடன் வூட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் கட்டிட்டானுங்களா?" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆனா வாய்ப்புதான், உறுதி கிடையாது. நாங்க பாத்தது ஊசி முனையில வந்த ஒரு துணுக்கு. அதுல ரெண்டு முகாம் இருந்துச்சு, ஒண்ணு நல்லா வளர்ந்தது, ஒண்ணு அரைகுறை. மிச்சக் கட்டியில என்ன இருக்குன்னு தெரியாது" என்றார். என் குஷியில் காற்று இறங்கியது.

"அவ்ளோ பேரு உள்ள குந்திகினு இன்னாம்மா பண்றானுங்க, அடிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் ப்ரேக் கதை சொன்னார். அந்தக் காவல்காரர்களுக்கு ஒரு ப்ரேக் உண்டாம், கண்டபடி ஓடாமல் இருக்க. கட்டி ரொம்பக் கெட்டிக்காரன், அந்த ப்ரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு ஏற்றுகிறார்களே அந்த மருந்து, அது கட்டியை நேராக அடிப்பதில்லை. ப்ரேக் மேல் இருக்கிற அவன் காலைத் தட்டிவிடுகிறது. அவ்வளவுதான். மீதி ஓட்டம் நம் ஆட்களுடையது. உள்ளே ஆளே இல்லாத வண்டிக்கு ப்ரேக்கை எடுத்து என்ன பிரயோஜனம், அதனால்தான் அந்த முகாம் இருப்பது நல்லது என்கிறார்கள். இது மட்டும் எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. டாக்டரம்மாவே, "நீங்க நல்லா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார். அஞ்சாங்கிளாஸோடு நின்றாலும் ப்ரேக் எனக்குத் தெரியாதா?

தெரிவதால்தான் பயம், கண்ணு. ஒரு தடவை யார்டில் கிளீனர் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்துவிட்டான், ஹேண்ட் ப்ரேக் போட யாரோ மறந்திருந்தார்கள். வண்டி மெதுவாக, சத்தமே இல்லாமல் உருண்டு போய் எங்கள் ஆபீஸ் பாத்ரூம் சுவரையே இடித்தது. உள்ளே குளித்துக்கொண்டிருந்த மேனேஜர் சோப்பு நுரையோடு வெளியே வந்த கதையை உனக்கு ஆயிரம் தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. ப்ரேக்கை எடுத்துவிட்டால் வண்டி எதிரியைத்தான் இடிக்கும் என்று யார் சொன்னது? சொந்தத் தோலை, சொந்த ஈரலை, நல்லா இருக்கிற நுரையீரலையே இடிக்கலாம் என்று கையெழுத்து வாங்கித்தான் மருந்து ஏற்றினார்கள். நாலு தடவை ஏறிவிட்டது. கையெல்லாம் அரிப்பு. அது ஒன்றுமில்லை, களிம்பு தடவுகிறேன். ஆனால் பத்து நாளாக இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. நேற்றே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நானே பண்ணினேன், என் குரலில். "மறைக்காம சொன்னீங்களே, நல்லது. நாளன்னிக்கு ஸ்கேன்ல பாத்துடலாம்" என்றார். கட்டி வளர்ந்ததால் இருமலா, மருந்து நெஞ்சைப் புண்ணாக்கியதா, சும்மா சளியா, மூன்றில் எது என்று தெரியாமல் ஒவ்வொரு இருமலுக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்ஜின் சத்தத்தில் கோளாறு கேட்கிற மாதிரி. இதில் இன்னொரு கூத்து. எப்போதாவது ஒரு சிலருக்கு, காவல்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்ததால் முதல் ஸ்கேனில் கட்டி பெரிசாகத் தெரியுமாம், அப்புறம் சுருங்குமாம். ஆக நாளைக்குப் பெரிசாகத் தெரிந்தாலும் நான் உடனே ஒப்பாரி வைக்கக்கூடாது. இப்படி ஒரு பரீட்சையை நான் அஞ்சாங்கிளாஸில்கூட எழுதியதில்லை.

இப்போது நீ என்னிடம் கேட்காத கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது மருந்து ஏறின அன்றைக்கு, உன்னை டீ வாங்க அனுப்பிவிட்டு, வேன் கதையை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "போன வருஷம் நானே ஏறி நின்னிருந்தா தெரிஞ்சிருக்குமாம்மா?" என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கலாம். ரொம்பச் சின்னதா இருந்திருந்தா எக்ஸ்ரேக்குத் தப்பியும் போயிருக்கலாம். என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு பொய்யை நான் தயார் பண்ணினேன். 'டாக்டரே சொல்லிட்டாங்கடா, அப்போ எடுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதாம்' என்று சொல்லிவிடலாம், பையன் நிம்மதியாகத் தூங்குவான், கொரியா போவான். ஷேர் ஆட்டோவில் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். உன் நெஞ்சை என் நெஞ்சு என்று சொன்ன பொய்யே போதும், அதற்கு மேல் ஒன்று அடுக்க வேண்டாம் என்று தோன்றியது. அதனால் உள்ளதை எழுதுகிறேன். தெரிந்திருக்கலாம். பத்து மாசம் போயிருக்கலாம். அந்தப் பத்து மாசத்தைத் தொலைத்தவன் நான். டோக்கனை உன் கையில் வைத்தவன் நான். நீ "தப்பு இல்ல?" என்று கேட்டாய். யார்டில் அத்தனை பேர் இருந்தோம், அந்தக் கேள்வியைக் கேட்டது நீ ஒருவன்தான். நான் டயரைப் பார்த்தேன். அதனால் என் பங்கைத் தூக்கி நீ உன் தோளில் போட்டுக்கொண்டு திரியாதே. அது என்னுடையது, பிடுங்கிக்கொள்ளாதே, எனக்குக் கோபம் வரும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பன் என்று ஒரு லைசென்ஸ் இருக்கிறதே. நாளைக்கு நீ வேலை பார்க்கிற இடத்தில் உனக்குப் பிடித்த ஒருவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒருவன், உன் கையில் அவன் டோக்கனை வைப்பான். முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லு. அவன் நானாக இருந்தாலும் சொல்லு. அடுத்தது, இருமல் வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் சிரப்போடு சரசம் பண்ணாதே. உன் நெஞ்சை உன் பேரில் ஒரு தடவை படம் எடுத்துப் பார். போன வருஷத்து நல்ல ரிப்போர்ட் என் ஃபைலில்தான் இருக்கிறது, உனக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் கொரியா. நாளைக்குப் படம் எடுப்பார்கள், மறுநாள் சொல்வார்கள். கட்டி சுருங்கியிருந்தால் போ. அப்படியே இருந்தாலும் போ. வளர்ந்திருந்தால் என்ன செய்வது என்று நேற்றெல்லாம் யோசித்தேன், அப்போதும் போகத்தான் சொல்வேன். மருந்துக்கு உங்கம்மா கூட வருவாள், அவளிடம் ஷிப்ட் மாற்றச் சொல்லிவிட்டேன். ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன், முறைத்தால் முறைக்கட்டும். 'நீ திரும்பி வரும்போது நான் ஏர்போர்ட்டில் நிற்பேன்' என்று எழுதலாம் என்று இப்போது பேனாவைத் தூக்கினேன். எழுதவில்லை. எனக்குத் தெரியாததில் நான் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். உள்ளே ரெண்டு முகாம் இருக்கிறது, ஒன்று அரைகுறை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ராத்திரி நெஞ்சில் கை வைத்துப் படுக்கும்போது அந்த அரைகுறைக்காரர்களிடம், 'சீக்கிரம் கத்துக்கங்கடா, நேரம் இல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட எடுத்து வைத்திருக்கிற டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். கடிதத்தின் கடைசியில் இருப்பது நானே போட்ட கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், செக் பண்ணிப் பார்த்துக்கொள். நாளைக்குக் காலையில் என்னோடு வா. வராதே என்று சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார், வேண்டுமானால் என் செருப்பைப் பார்த்துக்கொள். கொஞ்ச நேரத்தில் அந்த நர்ஸ் வந்து என் பேரைக் கூப்பிடுவாள்.

நீ உட்கார்ந்திரு. நான் எழுந்து போகிறேன்.

உன் நைனா